தீவு தீவா பாய்மரப் படகுல சுத்தணும்னா மதியம் ரெண்டு மணியில இருந்து கணக்கைப் பின்னாடி போடுங்க

பாய் ஏத்தத் தெரியும், காத்துக்கு எதிரா வளைஞ்சு வளைஞ்சு போகத் தெரியும், கரையோரமா நாலஞ்சு நாள் ஓட்டியிருக்கேன், இனி வெப்பமண்டலத் தீவுப் பக்கம் கிளம்பலாமான்னு கேக்குறவங்களுக்குத்தான் இது. தாராளமா கிளம்பலாம். ஆனா ஒரு விஷயத்தை முதல்லயே மனசுல போட்டுக்கங்க, தீவுப் பயணத்துல பாய் விரிச்சு ஓடுற நேரம் கொஞ்சம்தான், ஒரு தீவுக்கும் அடுத்ததுக்கும் பெரும்பாலும் 20, 30, 40 கடல் மைல், மிச்ச நேரம் பூரா படகு நங்கூரத்துலதான் கிடக்கும். அதனால எவ்வளவு அழகா ஓட்டுறீங்கங்கிறதைவிட எத்தனை மணிக்குப் போய்ச் சேர்றீங்க, எந்த மண்ணுல நங்கூரம் போடுறீங்கங்கிறதுதான் முக்கியம். நான் வெச்சிருக்கிற ரூல் ஒண்ணே ஒண்ணு: மதியம் ரெண்டு மணிக்குள்ள நங்கூரம் மணல்ல புதைஞ்சிருக்கணும். மத்த கணக்கெல்லாம் அங்கிருந்து பின்னாடி போட்டுக்க வேண்டியதுதான்.

ஏன் ரெண்டு மணி? வெளிச்சம். பவளப்பாறை இருக்கிற தண்ணியில மேப்பைவிட கண்ணைத்தான் நம்பணும், கண்ணுக்கு தண்ணிக்கு அடியில தெரியணும்னா சூரியன் உச்சியில இல்லேன்னா உங்க முதுகுக்குப் பின்னாடி இருக்கணும். காலையில பத்து மணிக்கு முன்னாடியும் மதியம் மூணு மணிக்கு அப்புறமும் வெயில் சாஞ்சு விழும், தண்ணி மேல பளபளன்னு வெள்ளித்தகடு மாதிரி ஆகிடும், உள்ள ஒண்ணும் தெரியாது. ரெண்டு மணிக்கு சேந்தா, போட்ட இடம் சரியில்லேன்னா எடுத்து வேற இடத்துல போடவும் ஒரு மணி நேரம் கையில இருக்கும்.

கலரைப் படிக்கக் கத்துக்கங்க, இது ரொம்ப முக்கியம். கருநீலம்னா ஆழம், கவலை இல்ல. பச்சையும் நீலமும் கலந்து கண்ணைப் பறிக்கிற கலர் வந்தா மணல் தரை, ஏழெட்டு மீட்டர்ல இருந்து மூணு மீட்டர் வரை இருக்கலாம், நங்கூரம் போட நாம தேடுறது இதைத்தான். அது வெளுத்து வெளுத்து வெள்ளையாகிட்டே போச்சுன்னா தரை மேல வந்துட்டு இருக்கு, வேகத்தைக் குறைங்க. பழுப்பு, மஞ்சள் கலந்த பழுப்பு தெரிஞ்சா பவளம், அது பக்கமே போகாதீங்க. சின்ன குழப்பம் என்னன்னா மேகத்தோட நிழலும் தண்ணியில கருப்புத் திட்டா விழும், பாக்க பவளம் மாதிரியே இருக்கும், ஒரு நிமிஷம் படகை நிறுத்திப் பாருங்க, நகர்ந்தா நிழல், நகரலேன்னா பவளம். போலரைஸ்டு கண்ணாடி இல்லாம இந்த வேலைக்கு இறங்காதீங்க. ஒரு ஆள் முன்னாடி நுனியில நிக்கணும், முடிஞ்சா பாய்மரத்துல முதல் குறுக்குக் கட்டை வரைக்கும் ஏறி நிக்கலாம், உயரம் கூடக் கூட தண்ணிக்குள்ள நல்லா தெரியும். காத்து சத்தத்துல பேசுறது கேக்காது, அதனால கை சைகையை முன்கூட்டியே பேசி வெச்சுக்கங்க, இல்லேன்னா புருஷன் பொண்டாட்டி சண்டை கேரண்டி.

மேப் பத்தி. ஜிபிஎஸ் உங்க இடத்தை சில மீட்டர் துல்லியத்துல சொல்லும், அது பிரச்சனை இல்ல, ஆனா கீழ இருக்கிற மேப் அந்த அளவுக்குத் துல்லியமா இருக்கணும்னு அவசியம் இல்ல. பசிபிக் தீவுகள்ல பல இடத்துல ஆழம் அளந்தது 19ம் நூற்றாண்டுல, கயித்துல ஈயக்கட்டி கட்டி இறக்கி அளந்தது, அதையே எலக்ட்ரானிக் மேப்புல ஏத்தியிருப்பாங்க. திரையில நீங்க தீவு மேல ஓடுற மாதிரி காட்டும், நிஜத்துல ஒரு பக்கமா தள்ளி கடல்ல இருப்பீங்க. அது சிரிப்பா இருக்கும், பாறை அந்தப் பக்கம் தள்ளியிருந்தா சிரிப்பு வராது. அதனால நெட் இருக்கிற இடத்துலயே போகப்போற தீவோட சாட்டிலைட் படத்தை இறக்கி ஓபன்சிபிஎன் மாதிரி சாஃப்ட்வேர்ல மேப்புக்கு மேல போட்டுப் பாருங்க, பவளத் திட்டு ஒவ்வொண்ணா தெரியும்.

ஜூம் விஷயத்தையும் சொல்லிடுறேன். 2014 நவம்பர் 29 அன்னிக்கு, உலகத்தைச் சுத்துற பாய்மரப் படகுப் பந்தயமான வால்வோ ஓஷன் ரேஸ்ல ஓடின டீம் வெஸ்டாஸ் விண்ட் படகு ராத்திரியில நல்ல வேகத்துல போய் இந்தியப் பெருங்கடல்ல இருக்கிற கார்காடோஸ் கராஹோஸ் பவளத்திட்டு மேல ஏறிடுச்சு. உலகத்தரமான மாலுமிங்க, எல்லா கருவியும் இருந்துச்சு, ஆனா அவங்க பாத்த ஜூம் அளவுல அந்தத் திட்டு அபாயமாவே தெரியல, ஆழம் குறைவுங்கிற மாதிரி மட்டும்தான் காட்டிச்சு. ஆட்கள் எல்லாரும் உயிரோட மீண்டாங்க. பாடம் சிம்பிள், ரூட் போட்டதும் ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் முழுசா ஜூம் பண்ணி ஒருவாட்டி விரல்ல ஓட்டிப் பாத்துடுங்க, பத்து நிமிஷ வேலை.

இப்ப கொஞ்சம் பெரிய கணக்கு, மாசம். வெப்பமண்டலத்துல வருஷத்தை ரெண்டாப் பிரிச்சுக்கலாம், புயல் காலம், புயல் இல்லாத காலம். கரீபியன் பக்கம் ஜூன்ல இருந்து நவம்பர் வரை புயல் காலம், அதனால டிசம்பர் முதல் மே வரை சுத்துவாங்க. தென் பசிபிக்ல அப்படியே தலைகீழ், நவம்பர்ல இருந்து ஏப்ரல் வரை புயல், மே முதல் அக்டோபர் வரை சுத்துற காலம். வடமேற்கு பசிபிக்ல வருஷம் பூரா வரலாம், உச்சம் ஆகஸ்ட், செப்டம்பர் பக்கம். பூமத்திய ரேகைக்கு ரொம்ப கிட்ட, ஒரு அஞ்சு டிகிரிக்குள்ள, புயல் சுழல்றதுக்கு வேண்டிய பூமிச் சுழற்சியோட விசை பத்தாது, அதனால அங்க ஒதுங்குறவங்க நிறைய. அங்கயும் 2001 டிசம்பர்ல சிங்கப்பூர் பக்கத்துல வமெய்னு ஒண்ணு ஒன்றரை டிகிரியிலயே உருவாச்சு, ஆனா அது ரொம்ப அபூர்வம். அதைவிட பயமுறுத்துறது கரீபியன்ல இருக்கிற கிரனடா தீவோட கதை. 12 டிகிரி வடக்குல இருக்கு, புயல் பாதைக்குக் கீழன்னு நம்பி படகுகளை நிறைய பேர் அங்க விட்டு வெச்சிருந்தாங்க, 2004 செப்டம்பர்ல ஐவன் புயல் வந்து பூரா துவைச்சுட்டுப் போச்சு. 2024ல ஜூலை 1ம் தேதியே பெரில் புயல் வந்து பக்கத்துல இருக்கிற காரியகூ தீவை அடிச்சது, ஜூலை ஆரம்பம்தானே, இன்னும் நாள் இருக்குன்னு நினைக்கிற நேரத்துல. அதனால சுத்துற சீசன் முடிய ரெண்டு வாரம் முன்னாடியே இடத்தைக் காலி பண்ற மாதிரி பிளான் போடுங்க.

புயல் இல்லாத காலத்துல வீசுறது வாணிபக் காத்து, வடக்கு அரைக்கோளத்துல வடகிழக்குல இருந்து, தெற்குல தென்கிழக்குல இருந்து, சாதாரணமா 15ல இருந்து 20 நாட் (ஒரு நாட்னா மணிக்கு ஒரு கடல் மைல்). எப்படிப் பாத்தாலும் கிழக்குல இருந்து வருது, அதனால மேற்கு நோக்கிப் போறவன் ராஜா, கிழக்கு நோக்கிப் போறவன் பாவம். பசிபிக்ல கலாபகோஸ் தீவுகள்ல இருந்து மேற்க இருக்கிற மார்க்கேசஸ் தீவுகளுக்கு 3,000 கடல் மைல், அதைக்கூட ஜாலியாப் போயிடுறாங்க, காத்து முதுகுல. அதே காத்துக்கு எதிரா 30 மைல் போறது ஒரு நாள் பூரா குலுக்கி எடுத்துடும். புதுசா போறவங்க ரூட்டை கிழக்குல ஆரம்பிச்சு மேற்குல முடியுற மாதிரி போடுங்க. வேற வழியே இல்லாம எதிர்க்காத்துல போகணும்னா காத்து அடங்கியிருக்கிற விடியக்காலையில கிளம்புங்க, உயரமான தீவோட மறைவுலயே முடிஞ்ச அளவு ஒட்டிப் போங்க. கரீபியன்ல டிசம்பர் கடைசி, ஜனவரியில 25, 30 நாட் வரைக்கும் விடாம அடிக்கும், லீவு கிடைச்சுதேன்னு அந்த நேரத்துக்கு முதல் ட்ரிப் போடாதீங்க.

ரெண்டு தீவுக்கு நடுவுல இருக்கிற சந்துல காத்து நெருக்கிப் பாயும், ஃபோர்காஸ்ட் 18ன்னா அங்க 25 இருக்கும். ஒரு மலைத்தீவோட மறைவுல காத்தே இல்லாம பாய் தொங்கிட்டிருக்கும், முனையைத் தாண்டின அடுத்த நிமிஷம் பளார்னு அறையும். அதனால முனை வர்றதுக்கு முன்னாடியே பாயைக் குறைச்சுடுங்க. காத்தோட விசை வேகத்தோட வர்க்கத்துல ஏறும், 15 நாட் 30 ஆனா ரெண்டு மடங்கு இல்ல, நாலு மடங்கு. திடீர் மழைக்காத்தும் அப்படித்தான், தூரத்துல கருப்பா அடிப்பக்கம் தட்டையா ஒரு மேகம் வந்தா அதுக்கடியில 30, 35 நாட் ஒளிஞ்சிருக்கலாம், இருபது நிமிஷம் அடிச்சுட்டுப் போயிடும். ராத்திரி ஓட்டுறதா இருந்தா காத்து எவ்வளவு மெதுவா இருந்தாலும் சூரியன் மறையுறதுக்கு முன்னாடி பாயை ஒரு படி குறைச்சு வெச்சுடுங்க, வேகம் அரை நாட் குறையும், பரவாயில்ல.

நாள் கணக்கு இப்படி. 12 மீட்டர் படகு நல்லா ஓடினா ஏழு நாட் போகும், ஆனா கணக்குக்கு அஞ்சுன்னு வெச்சுக்கங்க. 35 மைல்னா ஏழு மணி நேரம், ரெண்டு மணிக்கு நங்கூரம்னா காலை ஏழுக்கு கிளம்பணும், ஒரு மணி நேரம் உபரி வெச்சா ஆறு. 50 மைல்னா பத்து மணி நேரம், பகல்ல சரியா வராது, விடியறதுக்கு முன்னாடி நாலு மணிக்கு கிளம்புங்க, இல்லேன்னா முந்தின நாள் சாயங்காலமே கிளம்பி ராத்திரி பூரா மெதுவா ஓட்டி காலையில வெளிச்சம் ஏறினதும் உள்ள போங்க. லேட் ஆகிடுச்சு, இருட்டிடுச்சு, தெரியாத இடம்னா உள்ள போகாதீங்க. வெளியில ஆழமான கடல்ல பாயைக் குறைச்சு, ஜிப்பை, அதாவது முன்பாயை, எதிர்ப்பக்கம் இழுத்துக் கட்டி படகை நிறுத்தி வெச்சுட்டு காலையில போலாம். தூக்கம் கெடும், அவ்வளவுதான்.

அட்டோல் மாதிரி வளையத் தீவுன்னா உள்ள போறதுக்கு பவளப்பாறையில ஒரு திறப்பு இருக்கும், பாஸ்னு சொல்வாங்க. உள்ள இருக்கிற தண்ணி மொத்தமும் அந்தச் சின்ன வாய் வழியா ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும் போய் வரணும், அதனால தென் பசிபிக்ல இருக்கிற டுவாமோட்டு தீவுகள்ல சில பாஸ்ல நீரோட்டம் அஞ்சு நாட்டுக்கு மேல போகும், உங்க இஞ்சினோட முழு வேகமே ஆறுதான். வெளிய வர்ற நீரோட்டமும் உள்ள வீசுற காத்தும் எதிரும் புதிருமா மோதினா வாயில சுவர் மாதிரி அலை நிக்கும். ஏத்தம் வத்தம் மாறுற நேரத்துல, தண்ணி தூங்குற அந்த அரை மணி நேரத்துல போறதுதான் வழி. ஆனா டைட் டேபிளை மட்டும் நம்ப முடியாது, வெளியில பெரிய அலை இருந்தா பாறை மேல ஏறி உள்ள கொட்டிட்டே இருக்கும், அந்தத் தண்ணியும் அந்த வாய் வழியாத்தான் வெளிய வரணும், அப்ப மணிக்கணக்கா வெளிப்பக்கம் மட்டுமே ஓடும். வாய்க்கு வெளிய நின்னு பைனாக்குலர்ல கால் மணி நேரம் பாருங்க. சூரியனையும் சேத்துப் பாருங்க, மேற்குப் பக்க பாஸ்னா கிழக்கு நோக்கி நுழையறீங்க, அதுக்கு மதியம் தாண்டின வெளிச்சம் நல்லது, கிழக்குப் பக்க பாஸ்னா காலை பத்து, பதினொண்ணு.

நங்கூரம். இதுலதான் நிறைய நேரம் செலவு பண்ணணும். ஆழம் 5 மீட்டர், தண்ணியில இருந்து உங்க படகு நுனி 1.5 மீட்டர், ஏத்தம் இன்னும் அரை மீட்டர் கூட்டும்னா மொத்தம் 7, அதை அஞ்சால பெருக்குங்க, 35 மீட்டர் செயின். இது சாதாரண ராத்திரிக்கு. காத்து ஏறும்னா ஏழால பெருக்குங்க, முழுசும் செயினா இல்லாம கயிறும் கலந்திருந்தா சாதாரண நாள்லயே ஏழு. நிறைய பேர் படகு உயரத்தைக் கணக்குல சேக்க மாட்டாங்க, ஆழம் கம்மியான இடத்துல அதுதான் கணக்கையே மாத்தும். காத்துக்கு எதிரா மெதுவா வந்து நின்னு ஆங்கரை இறக்குங்க, படகு தானா பின்னாடி போகும்போது செயினை விட்டுட்டே வாங்க, மொத்தமா குவிச்சுப் போட்டா செயினே ஆங்கர்ல சிக்கும். அப்புறம் இஞ்சினை ரிவர்ஸ்ல மெதுவா ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க, கரையில ரெண்டு அடையாளம் ஒரே கோட்டுல வர்ற மாதிரி புடிச்சு வெச்சுக்கங்க, ஒரு மரமும் பின்னாடி ஒரு பாறையும்னு வைங்க, அந்தக் கோடு நகரலேன்னா புடிச்சிருக்கு. அதோட விட்டுடாதீங்க, மாஸ்க் போட்டு குதிச்சு நீந்திப் போய்ப் பாருங்க. தண்ணி இளஞ்சூடு, தெளிவு, சோம்பேறித்தனத்துக்கு காரணமே இல்ல. ஆங்கர் மணல்ல முழுசா புதைஞ்சிருக்கணும், படுத்துக் கிடந்தா திரும்ப எடுத்துப் போடுங்க. 8, 10 மீட்டர் நைலான் கயித்தை செயின்ல கொக்கி மாட்டி படகுல கட்டுங்க, இழுவை கயித்துல விழும், செயினைத் தூக்குற விஞ்ச் தப்பிக்கும், ராத்திரி கரகர சத்தமும் இருக்காது.

பவளத்து மேல எக்காரணத்தைக் கொண்டும் போடாதீங்க. பவளம் உடையும், திரும்ப வளர பல வருஷம் ஆகும், அதுமட்டுமில்ல, காத்து திசை மாறினா செயின் பவளத் தலையைச் சுத்திக்கும், முளையில கட்டின மாடு மாதிரி கயிறு குட்டையாகிட்டே போய் அலை வரும்போது வெடுக்குன்னு இழுக்கும், அங்கதான் உடையும். மணலும் பவளமும் கலந்த இடத்துல முத்துப் பண்ணைக்காரங்க பயன்படுத்துற மிதவைங்களை செயின்ல அங்கங்க மாட்டி மேல தூக்கி வெப்பாங்க, ஆங்கர்ல இருந்து ஆழத்தைவிடக் கொஞ்சம் அதிக நீளம் தரையில கிடக்கும், அதுக்கப்புறம் அஞ்சாறு மீட்டருக்கு ஒரு மிதவை. செயின் பவளத்துக்கு மேலயே மிதக்கும். மூரிங், அதாவது படகைக் கட்டுறதுக்குன்னே தரையோட பிணைச்சு விட்டிருக்கிற மிதவை, இருந்தா இந்தத் தலைவலி இல்ல, ஆனா அதோட கயித்தையும் குதிச்சுப் பாத்துட்டுத்தான் தூங்கணும், மேல புதுசா பெயின்ட் அடிச்சு கீழ இத்துப்போயிருக்கலாம்.

பக்கத்துல படகு இருந்தா அவங்க எவ்வளவு செயின் விட்டிருக்காங்கன்னு கேளுங்க, யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. முதல்ல வந்தவங்களுக்கு இடம் சொந்தம், பின்னாடி வந்தவங்கதான் நகரணும். காத்து எதிர்த்திசைக்கு மாறினா என்னாகும்னு ஒருவாட்டி யோசிங்க. டுவாமோட்டுல இருக்கிற ரங்கிரோவா மாதிரி அட்டோலோட உள்கடலே 70 கிலோமீட்டருக்கு மேல நீளம், வழக்கமான காத்துல தென்கிழக்கு மூலை கண்ணாடியா இருக்கும், அதே காத்து மேற்குல இருந்து வந்தா அந்தத் தூரம் முழுக்க அலை வளர்ந்து உங்க மேல வரும், பின்னாடி பவளக் கரை.

படகு எதுன்னு கேட்டா, முதல் ட்ரிப்புக்கு வாடகைதான் சரி. பிரிட்டிஷ் வெர்ஜின் தீவுகள்ல ஒரு தீவுல இருந்து அடுத்தது கண்ணுக்குத் தெரியும், தூரம் கம்மி, மூரிங் நிறைய. ஆஸ்திரேலியாவோட விட்சண்டே தீவுகள்ல லைசன்ஸ் இல்லாமலே ஓட்டக் கொடுக்குறாங்க, முதல்ல பாடம் எடுத்து உங்க திறமையைப் பாத்துட்டுத்தான். ரெட்டை உடல் கட்டமரான் ஒன்றேகால் மீட்டர் தண்ணியில மிதக்கும், ஒத்தை உடல் படகுக்கு ரெண்டு மீட்டர் வேணும், பவளத் தீவுல அந்த முக்கால் மீட்டர் பெரிய சௌகரியம்தான். எதிர்க்காத்துல மட்டும் எனக்கு ஒத்தை உடல்தான் புடிக்கும்.

தண்ணி, குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஆளுக்கு நாளைக்கு 4 லிட்டர், அதுல கை வைக்காதீங்க. பாத்திரமும் குளியலும் உப்புத்தண்ணியில, கடைசியா ஒரு அலசு மட்டும் நல்ல தண்ணி. வாட்டர்மேக்கர், அதாவது கடல் தண்ணியை நல்ல தண்ணியாக்குற மெஷின், இருந்தா எண்ணெய் மிதக்கிற துறைமுகத்துல ஓட்டாதீங்க, குளோரின் கலந்த குழாய்த் தண்ணியில அதோட மெம்பிரேனை, அதாவது உப்பை வடிகட்டுற சவ்வை, கழுவாதீங்க, ரெண்டுமே அதைக் கொன்னுடும். கரன்ட் எல்லாத்தையும் ஃபிரிட்ஜ் தின்னும். சோலார் பேனல் மேல ஒரு கயித்து நிழல் விழுந்தாலே உற்பத்தி சட்டுனு இறங்கும், நங்கூரத்துல இருக்கும்போது பூமை, அதாவது பெரிய பாயோட அடிக்கட்டையை, ஒரு பக்கமா தள்ளிக் கட்டிடுங்க. அட்டைப்பெட்டியை படகுக்குள்ள ஏத்தாதீங்க, கரப்பான் முட்டை அதுலதான் வரும், சாமானைக் கரையிலயே பிரிச்சுடுங்க.

மீன். ஓடும்போது ஆழ்கடல்ல தூண்டில் இழுத்துப் புடிக்கிற சூரை, மாஹி மாஹி தைரியமா சாப்பிடலாம். பவளப்பாறையில வாழுற பெரிய மீனுங்க, சீலா, அஞ்சாலை, பெரிய களவா, இதுல சிகுவாடெரா விஷம் சேந்திருக்கலாம். சமைச்சாலும் போகாது, ஃபிரீஸ் பண்ணினாலும் போகாது, ருசியிலயும் தெரியாது. வந்தா வாந்தி, வயித்துப்போக்கு, கை கால் மரப்பு, சில்லுனு இருக்கிறது சுடுற மாதிரி தோணும், வாரக்கணக்குல இழுக்கும். ஒரே வகை மீன் ஒரு தீவுல நல்லதாவும் பக்கத்துத் தீவுல விஷமாவும் இருக்கும், அதனால அந்த ஊர் மீனவர்கிட்ட காட்டிக் கேட்டுட்டுத்தான் அடுப்புல வைக்கணும். பவளத்துல கீறல் பட்டா சின்னதுன்னு விடாதீங்க, நல்ல தண்ணியில தேச்சுக் கழுவுங்க, ஈரத்துல சீக்கிரம் சீழ் புடிக்கும். சன்ஸ்கிரீன் வாங்கும்போது டப்பாவைப் படிங்க, ஆக்ஸிபென்சோன் இருக்கிறதை பலாவ் 2020லயும் ஹவாய் 2021லயும் தடை பண்ணிட்டாங்க, முழுக்கை சட்டையே மேல்.

புது நாடுன்னா மஞ்சள் கொடியை ஏத்திட்டு, அனுமதிச்ச துறைமுகத்துக்கு நேரா போங்க, வழியில அழகா ஒரு பீச் தெரியுதுன்னு நிறுத்துனா அபராதம். பதிவு முடியற வரைக்கும் கேப்டன் மட்டும்தான் கரை ஏறணும். முந்தின நாட்டோட கிளியரன்ஸ் பேப்பர், பாஸ்போர்ட்டுங்க, ஆள் பட்டியல் நாலஞ்சு காப்பி, படகு பதிவுப் பத்திரம் எல்லாம் நனையாத ஒரே பையில. கூட வந்தவர் ஃபிளைட்ல திரும்பணும்னா அவர் டிக்கெட்டையும் காட்டச் சொல்வாங்க, ஏன்னா படகுல வந்த ஆளுக்கு கேப்டன்தான் பொறுப்பு. சனி ஞாயிறுல போனா பல இடத்துல ஓவர்டைம் கட்டணம் உண்டு. கூட வர்றவரோட ஃபிளைட் டிக்கெட்டையும் தேதி மாத்தக்கூடிய டிக்கெட்டா வாங்கச் சொல்லுங்க, ஃபிளைட்டைப் புடிக்கணும்னு மோசமான வானிலையில கிளம்புறவங்கதான் அதிகமா மாட்டுறாங்க.

ராத்திரி ஆனா பாய்மர உச்சியில வெள்ளை விளக்கு எரியணும், கரைக்குப் போய் வர்ற சின்னப் படகான டிங்கியைத் தூக்கிக் கட்டணும், படகு இடம் நகர்ந்தா எழுப்பி விடுற ஆங்கர் அலாரம் ஆன்ல இருக்கணும். பகல்ல நல்ல வெளிச்சத்துல உள்ள வந்தீங்களே, அந்தப் பாதையை பிளாட்டர்ல, அதாவது மேப் காட்டுற திரையில, அழிக்காம சேவ் பண்ணி வெச்சிருக்கணும், மேப் தப்பா இருந்தாலும் அந்தக் கோட்டுல உங்க படகு நிஜமாவே மிதந்து வந்திருக்கு. நடுராத்திரி ரெண்டு மணிக்கு காத்து திரும்பி பின்னாடி பாறை நெருங்குச்சுன்னா, இஞ்சினைப் போட்டு செயினைத் தூக்கி, அதே கோட்டைப் புடிச்சுட்டு ஆழத்துக்கு வெளியேறிடுங்க. செயின் சிக்கி வரலேன்னா கடைசி முனையை படகுல கட்டியிருக்கிற கயித்தை அறுத்து விட்டுட்டு கிளம்பணும், அதுக்கு அந்த முனை இரும்புக் கொக்கியில இல்லாம கத்தியால அறுக்கக்கூடிய கயித்துல, மேல தளம் வரைக்கும் எட்டுற நீளத்துல கட்டியிருக்கான்னு கிளம்புறதுக்கு முன்னாடியே பாத்துக்கங்க. நுனியில ஒரு மிதவையையும் கட்டி விட்டீங்கன்னா காலையில வந்து செயினை எடுத்துக்கலாம்.